யார் வீட்டு நாய்?

தமிழ்நாட்டில் முதன் முதலாக ஒரு நாய்க்கு மணி என்று பெயர் வைத்த மனிதர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்திப் பொன்னாடை போர்த்தலாம். ஜிம்மி வந்தது, டைகர் வந்தது, இப்போது புரூனோவும் ராக்கியும் வந்திருக்கின்றன. ஆனால் எந்த ஊரிலாவது ஒரு தெருமுனையில் நின்றுகொண்டு, "மணி!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். குறைந்தது மூன்று ஜீவன்களாவது திரும்பிப் பார்க்கும். அதில் ஒன்று மனிதராக இருந்தாலும் இருக்கும். சுப்பிரமணியங்கள் யாரும் இதற்காகக் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெயர் வைப்பது அவ்வளவு சாதாரணக் காரியமல்ல. காக்கைக்குத் தினம் சோறு வைக்கிற வீடுகளில்கூட அந்தக் காக்கைக்குப் பெயர் வைப்பதில்லை. எலிக்குப் பொறி வைக்கிறோம், பெயர் வைப்பதில்லை. வைத்திருந்தால், மறுநாள் காலையில் பொறியைத் தூக்கிக்கொண்டு போய்க் காலி மனையில் திறந்துவிட்டு வர வேண்டியிருக்கும். ஒரு பிராணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதுவும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓடி வந்துவிட்டால், பிறகு 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

திருவண்ணாமலைப் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று கிடைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமை மந்தைக்காகச் சண்டையிட்டு உயிரை விட்டான்; அவனுக்காக நட்ட கல். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் என்றும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மந்தையில் எத்தனை எருமைகள், திருடர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதெல்லாம் கல்லில் இல்லை. நாயின் பெயர் இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்குப் பிறகு நீங்களும் நானும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. இதே மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தில் ஒரு காபாலிகனுடைய கபால ஓடு காணாமல் போய்விடுகிறது. அவன் ஒரு புத்த பிக்ஷுவின் மேல் பழியைப் போட்டுக் காஞ்சிபுரத்தையே அமர்க்களப்படுத்துகிறான். கடைசியில் பார்த்தால், அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். ராஜாவின் நாடகத்தில் நாய் திருடன். அவருடைய ராஜ்யத்தில் ஒரு கிராமத்தாருக்கு நாய் திருடனைப் பிடித்த வீரன். நாய் விஷயத்தில் ராஜாவைவிட எருமை மேய்த்தவர்களுக்குத்தான் ஞானம் அதிகம் என்பது என் கட்சி.

இன்னொரு கல்லை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவந்தது. அதன் கதை நம் அரக்கோணத்துக்குப் பக்கத்திலே ஆரம்பிக்கிறது. 949-ல் தக்கோலத்தில் சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் பெரிய போர் நடந்தது. பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே இறந்துபோன போர். எதிர்ப்பக்கத்தில் கங்க மன்னன் பூதுகனோடு வந்திருந்த மணலேரன் என்ற வீரன் அபாரமாகச் சண்டை போட்டான். "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்று அரசர் சொன்னார். ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கிற அரசர். ஒரு நாடு கேட்டிருக்கலாம், பத்து யானை கேட்டிருக்கலாம். அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான்.

கிடைத்தது. ஊருக்கு அழைத்துக்கொண்டு போனான். பிறகு ஒரு நாள் பேளத்தூர்க் குன்றுப் பக்கத்தில் ஒரு பெரிய காட்டுப் பன்றியின் மேல் அதை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்றுகொண்டு செத்தன. மணலேரன் கோயிலுக்கு முன்னால் அந்த நாய்க்குக் கல் நாட்டி, கல்லுக்குப் பூஜை நடப்பதற்கு நிலமும் எழுதிவைத்தான். அதோடு விடவில்லை. அந்த நிலத்தை அனுபவிக்கிற பூசாரி, கல்லுக்குப் பூஜை செய்யாமல் சாப்பிட்டால் அந்த நாய் செய்த பாவமெல்லாம் அவனைச் சேரும் என்றும் வெட்டி வைத்தான். நாய் என்ன பெரிய பாவம் செய்திருக்கப் போகிறது என்று கேட்கலாம். பூசாரிக்குப் பயம் வந்தால் சரி என்று நினைத்திருப்பான். ஆசை இருந்தவன் அதோடு ஏற்பாடும் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கல்லுக்கு முன்னால் நான் வெகு நேரம் நின்றேன். நாயும் பன்றியும் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.

நாய் என்றதும் எல்லோரும் தருமபுத்திரரைச் சொல்லுவார்கள். மகாபாரதத்தின் கடைசியில், சொர்க்கத்துக்குப் போகும் வழியில் கூட வந்த நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏற மாட்டேன் என்கிறார். அதுவரை நாயாக வந்தவர் தர்மதேவதை. எனக்கு அந்த இடம் பிடிக்கும். ஆனால் அது தர்மதேவதையாக மாறாமல் வெறும் நாயாகவே இருந்திருக்கலாகாதா என்று ஒவ்வொரு தடவையும் ஓர் ஏக்கம். அதே பாரதத்தின் ஆரம்பத்தில் இன்னொரு நாய் வருகிறது. அதை யாரும் சொல்வதில்லை. ஜனமேஜயன் யாகம் செய்கிற இடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அது ஹவிஸைத் தொடவில்லை, நக்கவில்லை. சும்மா வந்ததற்காக ராஜாவின் தம்பிமார் அதை அடித்துவிடுகிறார்கள். குட்டி அழுதுகொண்டே தாய் சரமையிடம் போகிறது. சரமை யாகசாலைக்கே வந்து, "என் பிள்ளை என்ன தப்புச் செய்தது?" என்று கேட்கிறாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் சாபம் கொடுத்துவிட்டுப் போகிறாள். இந்தக் குட்டி யாருடைய அவதாரமும் அல்ல. வெறும் நாய்க்குட்டி. அடிபட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பயத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. ஊசியைவிட அதைப் பற்றிய பேச்சுத்தான் எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது. பையனின் பாட்டி முதலில் செய்த வைத்தியம் கடிவாயில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும். அவன் போட்ட அலறல் நாலு தெருவுக்குக் கேட்டது. பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஊசியை ஆரம்பித்துவிட்டு, "அந்த நாயைப் பத்து நாள் கவனியுங்கள். அதற்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் பையனுக்கும் ஒன்றும் இல்லை" என்று சொல்லியனுப்பினார்.

அந்தப் பத்து நாளும் எங்கள் தெருவில் நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கடித்த அன்று அதைக் கொல்வதற்குக் கழியோடு கிளம்பியவர்களே கழியை வைத்துவிட்டு அதைத் தேடிக்கொண்டு போனார்கள். பாட்டி வேளா வேளைக்குத் தயிர் சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள். நாய் சாதத்தைச் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, கண் எப்படி இருக்கிறது, வாயில் நுரை இருக்கிறதா என்று தெருவே நாடி பார்த்தது. ஒரு நாள் மத்தியானம் அதைக் காணவில்லை. பையனின் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் அது எங்கிருந்தோ வாலை ஆட்டிக்கொண்டு வந்தபோது ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ளாத குறை. ஒரு நாய் உயிரோடு இருக்க வேண்டுமென்று ஒரு குடும்பம் அப்படி வேண்டிக்கொண்டதை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் நாய் குஷாலாக இருந்தது. டாக்டர் மிச்ச நாலு ஊசியை நிறுத்தினார். பதினோராம் நாள் காலையில் வழக்கம்போல் சாதத்துக்காக வந்து நின்ற நாயின் மேல் பாட்டி கல்லைத் தூக்கிப் போட்டாள். அது போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, இன்றைக்கு என்ன ஆயிற்று இவளுக்கு என்பது போல் பார்த்துக்கொண்டே நின்றது.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வெறிநாய்க்கடி நோய் அப்படிப்பட்டது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு அநேகமாக வைத்தியமே கிடையாது. 1885-ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டதிலிருந்து மனிதனுக்குக் கிடைத்த அவகாசம் ஒன்றே ஒன்றுதான்: கடிபட்டதற்கும் அறிகுறி தோன்றுவதற்கும் நடுவே இருக்கிற நாட்கள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது அதற்காகத்தான். ஆட்டு மூளை மருந்து இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் நின்றுபோய், இப்போது புஜத்தில் நாலைந்து ஊசி. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆழமான கடியென்றால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள். மிளகாய்ப்பொடியைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நாய்க்குப் பயப்படுகிறவர்களை இளப்பமாகப் பேசுகிற நாய்ப் பிரியர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆனால் பயத்துக்கு மருந்து கொலை என்பவர்களோடும் ஒத்துப்போகவில்லை. அந்த மருந்தைச் சென்னை நகரம் நூறு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டுப் பார்த்துவிட்டது. கார்ப்பரேஷன் வண்டியில் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். நாய்கள் குறையவில்லை. குறையாததற்குக் காரணம் ரொம்ப எளியது. ஒரு தெருவில் குப்பைத் தொட்டியும் ஓட்டல் இலையும் இருக்கிற வரையில், அங்கே காலியாகிற இடத்துக்கு அடுத்த தெருவிலிருந்து வேறு நாய் வரும். வருவது நமக்குத் தெரியாத நாய். ஊசி போடாத நாய். ஒரு பெட்டை நாய் இரண்டு மாதத்தில் குட்டி போடும்; வருஷத்துக்கு இரண்டு தடவை போடும். பிடிக்கிறவன் கை ஓயும், பெறுகிறவள் ஓயமாட்டாள்.

1959-ல் புளூ கிராஸைத் தொடங்கிய கேப்டன் சுந்தரம் விமானம் ஓட்டியவர். 1964-லேயே அந்த ஸ்தாபனத்தார், கொல்வதற்குப் பதிலாகப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடலாம் என்று ஆரம்பித்தார்கள். சிரித்தவர்கள் நிறையப் பேர். மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! 2001-ல் நாடு முழுவதுக்கும் அதுவே விதியாயிற்று. 2023-ல் விதிகளைப் புதுப்பித்தார்கள். ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் போதாது. ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால்தான் நோய் பரவுவது அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து நாயைப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனால் அறுபடாது.

இந்த விஷயம் 2025-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய் நாட்டையே இரண்டு கட்சியாக்கியது. ஆகஸ்ட் 11-ந் தேதி, தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடக்கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் ஆனதை எடுத்த இடத்திலேயே விடலாம், வெறி கொண்டதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது, சோறு போடுவதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றார்கள். நவம்பர் 7-ந் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றார்கள். எந்த உத்தரவு வந்தாலும் ஒரு கட்சிக்கு ஜயம், இன்னொரு கட்சிக்குத் துக்கம். நாய்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

பிராணிகளுக்கென்று நமக்கு ஒரு சட்டமும் இருக்கிறது. அதற்கு வித்திட்டவர் நாட்டியம் ஆடிய ருக்மிணி தேவி. 1952-ல் ராஜ்ய சபைக்குப் போனவர், தனி உறுப்பினராக மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததன் பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் சென்னையில் பிராணிகள் நல வாரியம் வந்தபோது அவரே முதல் தலைவர். இந்தச் சட்டத்தில், ஒரு பிராணியை அடித்து வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரையில். கொன்றாலோ முடமாக்கினாலோ வேறு சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. வெறும் அடிக்கு 10 ரூபாய். இன்றைய விலைவாசியில் ஒரு காபிக்குக் காணாது.

சட்டத்தில் அகப்படாத கொடுமை வேறு இருக்கிறது. பனிப் பிரதேசத்தில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதி நாயை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கி வந்து, சென்னைச் சித்திரை வெயிலில் மாடிக் கம்பியில் கட்டிப்போடுகிறவர்கள். இந்த மண்ணுக்கென்றே பிறந்த சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் ராஜபாளையமும் அவர்கள் கண்ணில் படாது. முடி கொட்டுகிறது, செலவாகிறது என்று ஒரு நாள் காரில் ஏற்றிக் கொண்டுபோய் வேறு பேட்டையில் இறக்கிவிட்டு வருவார்கள். பெயரும் வைத்துக் கூப்பிட்டும் பழக்கியவர்கள்! இவர்களைத்தான் பின்னால் வருகிறேன் என்றேன். வந்துவிட்டேன். அதிகம் சொல்ல ஆசையில்லை.

எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவர் விழுப்புரத்துப் பக்கத்துக்காரர். அவர் வண்டிக்கடியில் சாக்கின் மேல் படுத்திருக்கிற செவலை நாய்க்கும், வேறு என்ன, மணிதான். ஆண் என்று நினைத்து வைத்த பெயர். ஐந்து குட்டி போட்ட பிறகும் பெயரை மாற்றவில்லை. அவர் மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் ஒரு கை சாதம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் தம் வாயில் வைப்பார். ஆதகூர்ப் பூசாரியைப் போல யாரும் அவருக்குப் பாவத்தைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. நிலமும் எழுதி வைக்கவில்லை.

சென்ற ஆண்டுக் கடைசியில் நாய் வண்டி வந்தது. வலையோடு வந்தவர்களை நிறுத்தி, "வலை வேண்டாங்க, நானே தூக்கித் தரேன்" என்று மணியைத் தூக்கி வண்டியில் விட்டுவிட்டு, பாதி தேய்த்த சட்டைகளை அப்படியே மூடிவைத்துவிட்டு, மொபெட்டில் வண்டிக்குப் பின்னாலேயே போனார். கருத்தடை மையத்தில் எழுதிக்கொள்கிறவர், "யார் வீட்டு நாய்?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீர்கள்?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ஏது ஸார் வீடு இங்கே? தெருப் பேரைச் சொன்னேன். போன் நம்பர் கேட்டாங்க. என் நம்பரைக் குடுத்தேன்."

ஐந்தாம் நாள் இடது காதில் ஒரு வெட்டு அடையாளத்தோடு மணி திரும்பி வந்தது. கொண்டுபோன அன்றும் கொண்டுவந்த அன்றும் அவருக்கு இஸ்திரி வருமானம் போயிற்று.

அதற்குள் தெருவில் கட்சி பிரிந்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினார்கள். அதில் ஒரு தாயார் எழுந்து நின்று பேசியதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அவருடைய பையனை மார்க்கெட் பக்கத்து நாய் ஒன்று கடித்து, ஊசியெல்லாம் போட்டு ஆறு மாதம் ஆகிறது.

"உங்களுக்கெல்லாம் அது மணி. என் பிள்ளைக்கு அது நாய். ஸ்கூல் வேன் வரைக்கும் என் புடவையைப் பிடிச்சுக்கிட்டுதான் வரான். கடிச்சது இது இல்லைன்னு அவனுக்கு எப்படி நான் சொல்றது?"

சபையில் ஒருவரும் பேசவில்லை. நான் பிராணி நேயத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், அவை உபயோகப்படவில்லை. கூட்டத்தின் கடைசியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்த இஸ்திரிக்காரர்தான் சொன்னார்:

"அம்மா, வேன் காலையில எட்டு மணிக்கு வருது, சாயங்காலம் நாலுக்கு வருது. அந்த நேரத்துக்கு நான் அதைக் கட்டிப் போட்டுடறேன். சோறும் இனிமே கேட்டுங்க பக்கம் வேணாம். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால வெச்சுக்கலாம். தம்பி பயம் தெளிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்மா."

அந்த அம்மாள் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. பேசாமல் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் எட்டு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். மணி கட்டிக் கிடந்தது. பையன் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்க்காமல் போனான்.

மிச்சம் இருந்தது பணம். வருஷா வருஷம் வெறிநாய் ஊசி போட வேண்டும். போக வர ஆட்டோச் செலவு இருக்கிறது. இஸ்திரிக்காரர் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. செயலாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். பிஸ்கட் போடுகிறவர்களில் இரண்டு பேர், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கடைசி வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போக வேண்டுமென்று அரை மணி நேரம் பேசியவர். அவரிடம் கேட்பதா வேண்டாமா என்று செயலாளர் தயங்கிக்கொண்டு நிற்கும்போதே அவர் உள்ளேயிருந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, நோட்டை வாங்கி யார் யார் எவ்வளவு என்று முழுவதும் படித்தார்.

"என் பேரில் ஐம்பது ரூபாய் எழுதிக்கொள்ளும். ஆனால் ஒன்று. அந்த நாய் என் வீட்டு வாசலில் வந்து படுக்கக் கூடாது. ஆமாம், சொல்லிவிட்டேன்."

அவர் அதைச் சொல்லும்போது மணி அவர் வீட்டு வாசலில்தான் படுத்திருந்தது. நாங்கள் அதைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே போயிருந்தோம்.